குப்புறக் கிடத்திய காலம்: குழந்தையின் உறக்கக் கிடையும் மருத்துவ அறிவுரையும்

மல்லாந்து கிடக்கும் கைக்குழந்தை தலையை ஒருபுறம் திருப்பி, இடுப்பை முறுக்கி, ஒரு காலை மறுகாலின் மேல் வீசி, நெஞ்சுக்கு அடியில் சிக்கிய கையை இழுத்து விடுவித்துக்கொண்டு குப்புறிப்பது, பெரும்பாலும் பிறந்த நான்காம் மாதத்துக்கும் ஆறாம் மாதத்துக்கும் இடையில் நிகழ்கிறது. அதற்கு முந்திய மாதங்களில் தன் கிடையை மாற்றிக்கொள்ளும் வலிமை குழந்தைக்கு இல்லை. பெரியவர்கள் எப்படிக் கிடத்துகிறார்களோ அப்படியே அது கிடக்கும். ஆகவே புரளத் தெரியாத பருவத்தில் குழந்தை மல்லாந்து உறங்குவதா, ஒருக்களித்து உறங்குவதா, குப்புற உறங்குவதா என்பது முழுக்கப் பெரியவர்களின் முடிவாகவே இருந்துவந்திருக்கிறது. இந்த முடிவுக்கு ஒரு வரலாறு உண்டு. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மேலை நாடுகளின் மருத்துவர்கள் நல்லெண்ணத்தோடு வழங்கிய ஓர் அறிவுரை, எண்ணிப் பார்க்கப்படாமலேயே வழக்கமாக நிலைபெற்றுப் பல்லாயிரம் குழந்தைகளின் உயிரிழப்புக்குக் காரணமானதும், பிறகு எண்ணிப் பார்த்தவர்களால் அது திருத்தப்பட்டதும் அந்த வரலாற்றின் மையப்பகுதியாகும்.

பழைய ஐரோப்பாவில் குழந்தை புரளும் என்ற கவலை பெரிதாக எழுந்ததில்லை. ஏனெனில் அங்குக் குழந்தையைத் தோள் முதல் பாதம் வரை நீண்ட துணிப்பட்டைகளால் இறுகச் சுற்றிக் கட்டிவைப்பதே வழக்கம். கட்டப்பட்ட குழந்தை கையையும் காலையும் அசைக்க முடியாமல் கிடந்ததால் அது உருண்டு விழும் என்ற அச்சம் இல்லை. அக்காலத்துப் பெற்றோரை வாட்டிய அச்சம் வேறு: ஒரே படுக்கையில் உறங்கும் தாயோ செவிலித்தாயோ தூக்கத்தில் புரண்டு குழந்தையை நசுக்கிவிடுவாள் என்பதே அது. விவிலியத்தின் அரசர்கள் நூலில், சாலமோன் தீர்த்துவைத்த புகழ்பெற்ற வழக்கிலும் ஒரு குழந்தை இவ்வாறுதான் இறக்கிறது. இடைக்காலத் திருச்சபை இத்தகைய இறப்புகளைத் தாயின் குற்றமாகக் கருதிப் பரிகாரத் தண்டனைகளை வகுத்திருந்தது. இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரில், படுக்கையில் குழந்தையின் மேல் கவித்து வைக்கும் ‘அர்கூச்சியோ’ என்ற மரச்சட்டகம் புழக்கத்தில் இருந்தது. செவிலித்தாய் உறக்கத்தில் சாய்ந்தாலும் அவளுடைய எடை சட்டகத்தின் மேல் விழுமேயன்றிக் குழந்தையின் மேல் விழாது. பால் கொடுப்பதற்கென அதன் பக்கவாட்டில் ஓர் இடைவெளியும் விடப்பட்டிருந்தது. இக்கருவியைப் பற்றிய விவரம் 1730-களில் லண்டன் ராயல் சொசைட்டியின் ஆய்விதழிலும் வெளியானது.

பதினெட்டாம் நூற்றாண்டில் துணிக்கட்டு வழக்கத்துக்கு எதிர்ப்பு எழுந்தது. ஆங்கில மருத்துவர் வில்லியம் கேடகன் 1748-இல் குழந்தை வளர்ப்புப் பற்றி எழுதிய சிறுநூலிலும், பிரெஞ்சுச் சிந்தனையாளர் ரூசோ 1762-இல் வெளியிட்ட ‘எமில்’ நூலிலும், குழந்தையின் கைகால்களைக் கட்டிப்போடுவது இயற்கைக்கு மாறானது என்று கண்டித்தனர். கட்டு படிப்படியாகத் தளர்ந்தது. ஆனால் உடன் உறங்குபவர் நசுக்கிவிடுவார் என்ற அச்சம் தணியவில்லை. ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் காவல்துறை மருத்துவராக இருந்த சார்லஸ் டெம்பிள்மன், 1892-இல் 258 குழந்தைகளின் மூச்சடைப்பு இறப்புகளைத் தொகுத்து ஆராய்ந்து, அவற்றுக்குக் குடிப்பழக்கத்தையும் நெரிசலான குடியிருப்பையும் தாய்மாரின் கவனக்குறைவையும் காரணமாகச் சுட்டினார். பிரிட்டனின் 1908-ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டம், குடிபோதையில் குழந்தையோடு ஒரே படுக்கையில் உறங்கி அதன் மூச்சடைப்புக்குக் காரணமாவதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. குழந்தையைத் தனிக் கட்டிலில் படுக்கவைப்பதே பாதுகாப்பு என்ற கருத்து இவ்வாறு வலுப்பெற்றது.

எனினும் தனிக் கட்டிலில் உறங்கிய குழந்தைகளும் நோய்க்குறி எதுவுமின்றிக் காலையில் இறந்து கிடந்தன. உடன் உறங்கியவர் எவரும் இல்லாதபோது குற்றத்தை யார் மேல் சுமத்துவது என்ற கேள்விக்கு மருத்துவ உலகம் குழந்தையின் உடலுக்குள்ளேயே விடை தேடியது. நெஞ்செலும்புக்குப் பின்னால் அமைந்த தைமஸ் என்னும் சுரப்பி பருத்து மூச்சுக்குழலை அழுத்துவதே காரணம் என்ற கொள்கை பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பரவியது. குழந்தைகளுக்கு அச்சுரப்பி இயல்பாகவே பெரிதாக இருக்கும் என்பது அப்போது சரிவர உணரப்படாததால், இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நலமாக இருந்த பல குழந்தைகளின் நெஞ்சில் எக்ஸ்-ரே கதிர்கள் பாய்ச்சப்பட்டன. அவர்களில் சிலருக்குப் பிற்காலத்தில் தைராய்டு புற்றுநோய் வந்தபோதுதான் அந்தச் சிகிச்சையின் தீங்கு தெரியவந்தது. சோதிக்கப்படாத ஒரு கருத்து குழந்தைகளுக்குத் தீங்காக முடிந்த வரலாற்றில் இது முதல் கட்டம்.

இரண்டாம் கட்டம் உறக்கக் கிடையைப் பற்றியது. நியூயார்க் நகரில் ஹெரால்ட் ஆப்ரம்சன் என்ற மருத்துவர், படுக்கையில் மூச்சடைத்து இறந்ததாகப் பதிவான குழந்தைகளின் விவரங்களைத் தொகுத்து 1944-இல் வெளியிட்டார். அவற்றுள் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குக் குழந்தைகள் குப்புறக் கிடந்த நிலையில் காணப்பட்டிருந்தன. ஆகவே பக்கத்தில் ஆள் இல்லாதபோது குழந்தையைக் குப்புறக் கிடத்தலாகாது என்று அவர் எச்சரித்தார். ஆனால் மறு ஆண்டே பால் வூலி என்ற மருத்துவர் இதை மறுத்து எழுதினார். குழந்தைகளைப் போர்வைக்கு அடியில் வைத்தும் முகம் கவிழ்த்துக் கிடத்தியும் பார்த்ததில், அவை முகத்தைத் திருப்பிக் காற்றைத் தேடிக்கொள்கின்றன என்பது அவருடைய வாதம். நலமான குழந்தைகள் விழிப்போடு கவனிக்கப்பட்ட சிறிது நேரத்தில் நடந்துகொண்டது, இரவு முழுவதும் ஆழ்ந்து உறங்கும் குழந்தைகளுக்கும் பொருந்தும் என்று கொள்ளப்பட்டது. ஆப்ரம்சனின் எச்சரிக்கை அதன்பின் மறக்கப்பட்டது.

அடுத்த பத்தாண்டில் குப்புறக் கிடத்தலே நன்று என்ற அறிவுரை அமெரிக்காவில் வேரூன்றியது. அதைப் பரப்பியவர்களுள் தலையாயவர் பெஞ்சமின் ஸ்பாக். 1946-இல் முதன்முதல் வெளிவந்து, பல மொழிகளில் கோடிக்கணக்கான படிகள் விற்ற அவருடைய குழந்தை வளர்ப்பு நூலின் 1950-களின் பதிப்புகளில், மல்லாந்து உறங்கும் குழந்தை கக்கினால் புரையேறி மூச்சடைக்கலாம் என்றும், தலையை எப்போதும் ஒரே பக்கம் வைத்திருப்பதால் மண்டை தட்டையாகலாம் என்றும் இரண்டு காரணங்கள் காட்டப்பட்டு, தொடக்கம் முதலே குழந்தையைக் குப்புறப் பழக்குவது விரும்பத்தக்கது எனக் கூறப்பட்டது. முதற்காரணம் கேட்பவர் எவருக்கும் பொருத்தமாகவே தோன்றும். ஆனால் உடலமைப்பு அதற்கு எதிரானது. மல்லாந்து கிடக்கும்போது மூச்சுக்குழல் மேலேயும் உணவுக்குழல் கீழேயும் அமைவதால், வயிற்றிலிருந்து மேலேறி வரும் பால் தாழ்வான உணவுக்குழலிலேயே தங்கித் திரும்ப இறங்குகிறது. குப்புறக் கிடக்கும்போதோ மூச்சுக்குழல் கீழே அமைந்துவிடுகிறது. 1970-களில் இந்த வழக்கத்துக்கு மற்றோர் ஆதரவும் சேர்ந்தது. குறைமாதத்தில் பிறந்து மூச்சுத்திணறலோடு போராடும் சிசுக்களைக் குப்புறக் கிடத்தினால் அவர்களின் குருதியில் ஆக்சிஜன் அளவு உயர்வதை மருத்துவமனைகள் கண்டறிந்தன. கருவிகளும் செவிலியரும் இடைவிடாது கண்காணிக்கும் அறையில் சரியாக இருந்த அந்த முறையைக் கண்ட தாய்மார்கள், வீட்டிலும் அதையே பின்பற்றினர்.

இதே காலத்தில், காரணம் தெரியாத இந்த இறப்புகளுக்கு ஒரு முறையான இலக்கணம் வகுக்கப்பட்டது. 1969-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் நடந்த மாநாட்டில், எதிர்பாராத வகையில் நிகழ்ந்து, பிணக்கூறு ஆய்வுக்குப் பிறகும் போதிய காரணம் காணப்படாத குழந்தை இறப்பு ‘திடீர்க் குழந்தை இறப்பு நோய்க்குறி’ என வரையறுக்கப்பட்டது. பொதுவழக்கில் இது தொட்டில் மரணம் எனப்பட்டது. இந்த வரையறை பெற்றோர்கள் மேல் விழுந்த கொலைப்பழியைத் துடைத்தது. ஆனால் தடுக்க முடியாத ஒரு நோய் என்ற எண்ணத்தையும் அது உண்டாக்கியதால், ஆய்வாளர்கள் மூளையிலும் இதயத்திலும் காரணத்தைத் தேடினரேயன்றிக் குழந்தை எப்படிக் கிடத்தப்பட்டது என்ற எளிய கேள்வியைப் பெரும்பாலும் கேட்கவில்லை.

அக்கேள்வியைக் கேட்டவர்கள் வெவ்வேறு நாடுகளில் தனித்தனியே இயங்கினர். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகர மருத்துவர் சூசன் பீல், 1970-கள் முதல் குழந்தையை இழந்த வீடுகளுக்கே நேரில் சென்று படுக்கையையும் கிடையையும் குறித்துவந்து, 1980-களில் குப்புறக் கிடத்தலைப் பற்றி எச்சரிக்கத் தொடங்கினார். ஹாங்காங்கில் பணியாற்றிய பிரிட்டிஷ் மருத்துவர் டி. பி. டேவீஸ், மக்கள் நெருக்கம் மிகுந்த அந்நகரில் தொட்டில் மரணம் அரிதாக இருப்பதைக் கண்டு, சீனக் குடும்பங்கள் குழந்தைகளை மல்லாத்தி உறங்கவைப்பது அதற்குக் காரணமாகலாம் என 1985-இல் ‘லான்செட்’ இதழில் எழுதினார். பிரிட்டனில் குடியேறிய தெற்காசியக் குடும்பங்களிலும் இவ்வகை இறப்பு குறைவாகவே இருந்ததும், அவர்களும் குழந்தையை மல்லாத்தியே கிடத்தியதும் பின்னர் உறுதிப்பட்டன. நெதர்லாந்தில் குப்புறக் கிடத்தும் வழக்கம் 1970-களில் புகுந்தபின் தொட்டில் மரணம் ஏறிக்கொண்டே வந்ததைக் கவனித்த டி யோங், எங்கல்பெர்ட்ஸ் ஆகிய ஆய்வாளர்கள், 1987-இல் அந்த வழக்கத்தைக் கைவிடுமாறு வெளிப்படையாக அறிவுறுத்தினர்; அதன்பின் அங்கு இறப்பு விரைந்து குறைந்தது.

ஐயத்துக்கு இடமின்றி உண்மையை நிறுவியவை இரண்டு பெரும் ஆய்வுகள். இறந்த குழந்தைகளின் பழக்கங்களை, அதே வயதும் சூழலும் உடைய உயிரோடிருக்கும் குழந்தைகளின் பழக்கங்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பது இவற்றின் முறை. பிரிட்டனின் ஏவன் வட்டாரத்தில் பீட்டர் ஃபிளெமிங் குழுவினர் நடத்தி 1990-இல் வெளியிட்ட ஆய்வு, குப்புறக் கிடத்தப்பட்ட குழந்தைக்கு ஆபத்து எட்டு மடங்குக்கும் மேல் என்று காட்டியது. வளர்ந்த நாடுகளுள் தொட்டில் மரணம் மிக அதிகமாக இருந்த நியூசிலாந்தில் 1987 முதல் 1990 வரை நடந்த ஆய்வு, குப்புறக் கிடத்தல், தாயின் புகைப்பழக்கம், தாய்ப்பால் கொடாமை ஆகிய மூன்றையும் தவிர்க்கக்கூடிய காரணங்களாக இனங்கண்டது. நியூசிலாந்தில் 1991-இல் தடுப்பு இயக்கம் தொடங்கியது. அதே ஆண்டில் தன் மகனை இழந்த பிரிட்டிஷ் தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஆன் டைமண்ட் நியூசிலாந்து சென்று செய்தியறிந்து வந்து குரல் கொடுத்ததன் பயனாக, டிசம்பர் மாதத்தில் பிரிட்டனிலும் மல்லாத்தி உறங்கவைக்கும் இயக்கம் தொடங்கப்பட்டது. அங்கு அடுத்த ஆண்டிலேயே இறப்புகள் ஏறத்தாழப் பாதியாகின. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 1992-இல் அறிவுரையை மாற்றிக்கொண்டது. 1994-இல் நாடு தழுவிய இயக்கம் தொடங்கியது. அந்நாட்டில் 1990-இல் ஒரு லட்சம் பிறப்புகளுக்கு 130 என்றிருந்த தொட்டில் மரணம், 2020-இல் 38 அளவுக்குக் குறைந்திருந்தது. ஒரு பகுதி இறப்புகள் இப்போது வேறு பெயர்களில் பதிவாகின்றன என்பதைக் கழித்துப் பார்த்தாலும், இது மருந்தோ கருவியோ இன்றிக் கிடையை மாற்றியதால் கிட்டிய பயன்.

குப்புறக் கிடை ஏன் ஆபத்தானது என்பதற்கான விளக்கம், எண்ணிக்கை உறுதிப்பட்ட பின்னரே படிப்படியாகத் தெளிந்தது. மென்மையான மெத்தையில் முகம் புதையும்போது குழந்தை தான் வெளிவிட்ட காற்றையே மீண்டும் உள்ளிழுக்கிறது. இதனால் ஆக்சிஜன் குறைந்து கரியமிலவாயு மிகுகிறது. அமெரிக்க ஆய்வாளர்கள் கெம்ப், தாச் ஆகியோர், நுரைமணிகள் நிரப்பிய குழந்தை மெத்தைகளில் இது நிகழும் விதத்தை 1991-இல் சோதனை வழியே காட்டினர். மேலும், குப்புற உறங்கும் குழந்தையின் உறக்கம் ஆழமானது. பல தாய்மார்கள் அக்கிடையை விரும்பியதற்கும் அதுவே காரணம். ஆனால் மூச்சு தடைப்படும்போது விழித்துக்கொள்ளும் ஆற்றல் அந்த ஆழ்ந்த உறக்கத்தில் மங்குகிறது. முகத்தின் வழியே வெப்பம் வெளியேறுவதும் தடைப்பட்டு உடல் சூடேறுகிறது. அமைதியான உறக்கம் எனப் போற்றப்பட்டதே ஆபத்தின் ஒரு கூறாக இருந்தது.

குழந்தை புரளக் கற்கும் பருவம் இந்த வரலாற்றில் தனி இடம் பெறுவது இதன் பிறகுதான். தொடக்கத்தில் ஒருக்களித்துக் கிடத்துவதும் ஏற்கத்தக்கது என்றே அறிவுரை கூறப்பட்டது. ஆனால் ஒருக்களித்த கிடை நிலையற்றது. புரளத் தெரியாத குழந்தைகூட அதிலிருந்து சரிந்து குப்புற விழுந்துவிடும், விழுந்தபின் மீளத் தெரியாது. மல்லாந்து உறங்கிப் பழகிய குழந்தை திடீரெனக் குப்புறக் கிடக்க நேரும்போது, அக்கிடையில் தலையைத் தூக்கித் திருப்பும் பழக்கம் இல்லாததால் ஆபத்து மேலும் கூடுவதையும் ஆய்வுகள் காட்டின. ஆகவே அமெரிக்கக் கழகம் 2005-இல் ஒருக்களித்த கிடையையும் விலக்கியது. மல்லாந்த நிலையிலிருந்து குப்புறவும், குப்புறக் கிடந்த நிலையிலிருந்து மல்லாக்கவும் இரு வழியும் தானே திரும்பத் தெரிந்துகொண்ட குழந்தையை மல்லாத்திக் கிடத்தினால் போதும், பிறகு உறக்கத்தில் அது தேடிக்கொள்ளும் கிடையில் விட்டுவிடலாம் என்பது இன்றைய நிலைப்பாடு. புரள முயலும் அறிகுறி தெரிந்தவுடன் துணிச்சுற்றை நிறுத்த வேண்டும் என்பதும் இதனோடு சேர்ந்த விதி. கைகள் கட்டுண்ட குழந்தை குப்புற விழுந்தால் ஊன்றி எழ அதற்கு வழியில்லை.

கிடை மாறியதால் வளர்ச்சியின் கால அட்டவணையும் சற்று மாறியது. யேல் பல்கலைக்கழகத்தின் ஆர்னால்ட் கெசலும், நியூயார்க்கின் மிர்ட்டில் மெக்ராவும் 1930-களிலும் 1940-களிலும் குழந்தைகளைப் படம்பிடித்து, புரளல், தவழல், நிற்றல் ஆகியவற்றின் படிநிலைகளை நுணுகி வகுத்திருந்தனர். 1998-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, மல்லாந்து உறங்கும் குழந்தைகள் குப்புற உறங்குவோரைவிடச் சற்றுத் தாமதமாகப் புரண்டு தவழ்ந்தாலும், நடக்கும் வயதில் இரு சாராருக்கும் வேறுபாடு இல்லை என்று காட்டியது. பின்மண்டை தட்டையாவது 1990-களில் கூடுதலாகக் காணப்பட்டதும் உண்மையே. இவ்விரண்டுக்கும் மாற்றாக, விழித்திருக்கும் நேரத்தில், பெரியவர் பார்த்துக்கொண்டிருக்கையில், குழந்தையைச் சிறிது சிறிதாகக் குப்புறப் படுக்கவிட்டுக் கழுத்தையும் தோளையும் வலுப்படுத்தும் பயிற்சி பரிந்துரைக்கப்பட்டது.

தமிழர் வீடுகளில் இப்பயிற்சி வேறு வடிவில் முன்பே இருந்தது. குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும் மூதாட்டி, நீட்டிய தன் கால்களின் மேல் அதனைக் குப்புறப் போட்டு முதுகையும் தோளையும் நீவிவிடுவது பரவலான வழக்கம்; உறங்கவைப்பதோ பாயிலோ தூளியிலோ மல்லாத்தித்தான். குழந்தையின் வளர்ச்சிப் படிகளைத் தமிழ் இலக்கியமும் கூர்ந்து நோக்கியிருக்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் பாடிய குலோத்துங்கன் பிள்ளைத்தமிழ் முதலாகத் தனி நூல்களாக வளர்ந்த பிள்ளைத்தமிழ், குழந்தைப் பருவத்தைப் பத்தாகப் பகுக்கிறது. தெய்வங்களைக் காவலுக்கு வேண்டும் காப்புப் பருவத்தை மூன்றாம் மாதத்திலும், அடுத்ததாகிய செங்கீரையை ஐந்தாம் மாதத்திலும் வைப்பது மரபு. ஒரு காலை மடக்கி மறுகாலை நீட்டி, இரு கைகளையும் தரையில் ஊன்றித் தலையை நிமிர்த்தி ஆடுவது செங்கீரை. அதாவது புரண்டு முடித்த குழந்தையின் அடுத்த நிலை. இன்றைய வளர்ச்சி அட்டவணைகள் கூறும் மாதக்கணக்கோடு இது பெரிதும் ஒத்துப்போகிறது. ஆனால் மரபு என்பதாலேயே எல்லாம் பாதுகாப்பாகிவிடாது. தூளியில் மல்லாந்து கிடக்கும் சிறு குழந்தையைத் துணியின் இரு பக்கச் சுவர்களும் அணைத்துக்கொள்கின்றன. புரளத் தொடங்கிய குழந்தைக்கோ அதே துணியில் முகம் புதையவும், விளிம்பைப் பற்றி எழுந்து வெளியே விழவும் வாய்ப்புண்டு. உறுதியான, சமதளமான படுக்கையே ஏற்றது என்னும் இன்றைய மருத்துவ விதி தூளிக்கும் பொருந்தும்.

உறக்கக் கிடையைப் பற்றிய அறிவுரை மாறிவந்த காலத்தில் படுக்கைப் பொருள்களின் மேலும் சட்டம் கைவைத்தது. குழந்தையின் உடல் நழுவித் தலை மாட்டிக்கொள்ளாதபடி கட்டில் கம்பிகளின் இடைவெளியை ஏறத்தாழ 6 சென்டிமீட்டருக்குள் வைக்கும் விதி அமெரிக்காவில் 1970-களிலேயே வந்துவிட்டது. ஏற்றி இறக்கும் பக்கச் சட்டம் கொண்ட கட்டில்கள் கழன்று குழந்தைகள் சிக்கி இறந்ததால் 2011-இல் அவற்றின் விற்பனை தடுக்கப்பட்டது. சரிவான உறக்க இருக்கைகளையும், கட்டிலின் உட்புறத்தைச் சுற்றிக் கட்டும் மெத்தைத் தடுப்புகளையும் 2022-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்தது. சரிவான இருக்கையில் குழந்தை புரண்டால் முகம் மென்துணியில் அழுந்திவிடும் என்பதே அத்தடைக்கான காரணங்களுள் ஒன்று.

பிரிட்டனைச் சேர்ந்த ரூத் கில்பர்ட் குழுவினர் 2005-இல் இந்த வரலாற்றைத் திரும்ப எண்ணிப் பார்த்தனர். அதுவரை வெளியான ஆய்வுகளையெல்லாம் ஆண்டுவாரியாக அடுக்கிக் கணக்கிட்டபோது, குப்புறக் கிடத்தலின் ஆபத்து 1970-ஆம் ஆண்டிலேயே புள்ளியியல் நோக்கில் தெளிவாகியிருந்தது தெரிந்தது. அப்போதே அவ்வாறு தொகுத்துப் பார்த்திருந்தால் பிரிட்டனில் 10,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளையும், ஐரோப்பா, அமெரிக்கா, ஆஸ்திரேலியப் பகுதிகளில் குறைந்தது 50,000 குழந்தைகளையும் காத்திருக்கலாம் என்பது அவர்களின் மதிப்பீடு. அறிவுரை கூறியவர்கள் தீயவர்கள் அல்லர். தங்கள் அனுபவமும் தர்க்கமும் போதும் என்று நம்பிச் சோதிக்காமல் விட்டவர்கள். குழந்தை வளர்ப்பில் எவர் சொல்லும் அறிவுரையையும், அது மருத்துவருடையதாயினும் மூத்தோருடையதாயினும், சான்று கேட்டே ஏற்க வேண்டும் என்பதே இவ்வரலாறு வழங்கும் தீர்ப்பு. அச்சான்றுகள் இன்று பெற்றோருக்குக் கூறுவது இவ்வளவே: முதல் ஓராண்டு முழுவதும், பகலாயினும் இரவாயினும், தலையணையும் பொம்மையும் கனத்த போர்வையும் இல்லாத உறுதியான சமப்படுக்கையில் குழந்தையை மல்லாத்தி உறங்கவையுங்கள்.